காலிப் பணியிடம்: இளம் சட்டமன்ற உறுப்பினர்

கடத்தூர் சுற்றுவட்டார இளைஞர்களின் மேலான கவனத்துக்கு!

குரூப் 4 புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள். 2024இல் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்த தேர்வு அது. கிராம நிர்வாக அலுவலர் நாற்காலியில் உட்காரப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, தமிழ்வழிக் கல்விச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஒரு சான்றில் இனிஷியல் மாறியிருந்தால் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் நாயாய் அலையவிடுவார்கள். காவல் நிலையத்தில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால் நியமன ஆணை கைக்கு வருவதற்குள் முடி நரைத்துவிடும்.

அந்த வி.ஏ.ஓ. எந்தச் சட்டப்படி பட்டா மாற்றுவது, எந்தச் சட்டப்படி உங்கள் நிலத்தை அளக்க விடுவது என்று முடிவு செய்கிற பதவி ஒன்று அவருக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வு கிடையாது. வழக்குகள் எத்தனை நிலுவையில் இருந்தாலும் பாதகமில்லை; இரண்டாண்டுக்குக் குறையாமல் தண்டனை விழுந்தால்தான் பெரும்பாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கண்ணைத் திறக்கும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கும் காசு.

எல்லாக் கட்சி மேடையிலும் “அரசியலுக்கு இளைஞர்கள் வர வேண்டும்” என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். ஆனால் விதிமுறைகளை மட்டும் யாரும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. அந்தக் குறை தீர, தேர்வாணைய அறிவிக்கை பாணியில் அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். பணியிடம்: கடத்தூர் பேரூராட்சியை உள்ளடக்கிய பாப்பிரெட்டிப்பட்டி தொகுதி. பணியின் பெயர்: மக்கள் பணி.

வயது வரம்பு

குறைந்தபட்சம் 25 என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 173ஆவது பிரிவு. உச்ச வரம்பு அப்பாவின் உடல்நிலையைப் பொறுத்தது.

குரூப் 4இல் பொதுப் பிரிவுக்கு 32 வயதோடு கதவு சாத்திவிடுவார்கள். அரசியலில் இளமை அப்படி அவசரப்பட்டுப் போகாது. மு.க. ஸ்டாலின் 2017 ஜனவரியில் திமுகவின் செயல் தலைவரானபோதுதான் இளைஞரணிச் செயலாளர் பொறுப்பு அவரை விட்டுப் போனது. அப்போது அந்த இளைஞருக்கு 63 வயது. அரசு ஊழியராக இருந்திருந்தால் பென்ஷன் வாங்கத் தொடங்கி ஐந்து ஆண்டு ஆகியிருக்கும். 2019இல் அதே பொறுப்புக்கு அவருடைய மகன் உதயநிதி வந்தார். வயது 41. 2021இல் சட்டமன்றம், 2022 டிசம்பரில் அமைச்சர், 2024 செப்டம்பரில் துணை முதலமைச்சர். கடத்தூரிலிருந்து தர்மபுரி போகும் டவுன் பஸ்கூட வழியில் நாலு நிறுத்தத்தில் நின்றுதான் போகும்.

நம் தர்மபுரி மாவட்டத்தில் வேர் விட்ட பாமகவுக்கு வருவோம். அன்புமணி ராமதாஸ் இளைஞரணித் தலைவர் பட்டத்தை 53 வயது வரை பத்திரமாக வைத்திருந்து, 2022 மே மாதம் கட்சித் தலைவரானார். 2024 டிசம்பர் கடைசியில், பொதுக்குழு மேடையில், மருத்துவர் ராமதாஸ் தன் மகள் வழிப் பேரன் முகுந்தனை இளைஞரணித் தலைவராக அறிவித்தார். அதே மேடையில், அதே மைக்கில், மகன் அன்புமணி மறுத்தார். கட்சிக்கு வந்து சில மாதமே ஆனவருக்கு என்ன அனுபவம் இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. அருமையான கேள்வி. 2004இல், மக்களிடம் ஒரு தடவைகூட ஓட்டுக் கேட்டு நிற்காமல், 35 வயதில் அவரே மத்திய சுகாதாரத்துறை அமைச்சராகப் பதவியேற்றாரே, அன்றைக்கு இந்தக் கேள்வி எந்த அறையில் பூட்டப்பட்டிருந்தது என்று தெரியவில்லை.

கல்வித் தகுதி

பிறப்புச் சான்றிதழ் போதும். அதிலும் தகப்பனார் பெயர் எழுதிய வரி மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

சந்தேகம் உள்ளவர்கள் பக்கத்துப் பென்னாகரத்தைப் பாருங்கள். திமுக உறுப்பினர் பெரியண்ணன் காலமானதால் 2010 மார்ச் 27 அன்று அங்கே இடைத்தேர்தல். திமுக வேட்பாளர் பெரியண்ணனின் மகன் இன்பசேகரன். பாமக வேட்பாளர் அன்றைய கட்சித் தலைவர் ஜி.கே. மணியின் மகன் தமிழ்க்குமரன். முதலிடம் ஒரு மகனுக்கு, இரண்டாமிடம் ஒரு மகனுக்கு. எந்தத் தலைவரின் மகனையும் தேடிப் பிடிக்கத் தவறிய அதிமுக மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு வைப்புத்தொகையையும் பறிகொடுத்தது. ஆறு ஆண்டு கழித்து, 2016இல், அதே பென்னாகரத்தில் முதலமைச்சர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு வந்து நின்ற அன்புமணியை அதே இன்பசேகரன் தோற்கடித்தார். மகனுக்கும் மகனுக்கும் நடக்கும் சண்டையில் நம் பங்கு, வெயிலில் வரிசையில் நின்று யாருடைய மகன் என்று பொத்தானை அமுக்கிச் சொல்வது.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். “டாக்டர் மகன் டாக்டராவதில்லையா? வக்கீல் மகன் வக்கீலாவதில்லையா?” ஆகிறான் ஐயா. டாக்டர் மகன் நீட் எழுதுகிறான். வக்கீல் மகன் சட்டக் கல்லூரியில் படித்துப் பார் கவுன்சில் தேர்வும் எழுதுகிறான். அப்பா ஆபரேஷன் செய்த அதே மேசையில், எம்.பி.பி.எஸ். படிக்காத மகன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தால் எந்த நோயாளி படுப்பான்? நாம் படுக்கிறோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, விரலில் மை வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

வெளிநாட்டுச் சான்றுகள்

இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி என்று யாரும் கூனிக் குறுக வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். மார்க்கோஸ் என்ற சர்வாதிகாரியை 1986இல் மக்கள் தெருவில் இறங்கித் துரத்தினார்கள். அடுத்த ஆண்டே புது அரசமைப்புச் சட்டம் கொண்டுவந்து, அதில் குடும்ப அரசியலுக்குத் தடை என்று பளிச்சென்று ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள். கூடவே, குடும்ப அரசியல் என்றால் என்ன என்பதைப் பின்னால் ஒரு சட்டம் வரையறுக்கும் என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். நாற்பது ஆண்டை நெருங்கியும் தேசிய அரசியலுக்கு அந்தச் சட்டம் பிறக்கவில்லை.

ஓர் இடத்தில் பிறந்தது. 2016இல், கிராம அளவில் 18 முதல் 24 வயதுக்காரர்கள் நிற்கும் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும், பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கையெழுத்திட்ட ஜனாதிபதி பெனிக்னோ அக்கினோ, முன்னாள் ஜனாதிபதி கொரசோன் அக்கினோவின் மகன். ஊர் இளைஞர் மன்றத்துக்கு நிற்க அப்பா இடைஞ்சல்; நாட்டின் ஜனாதிபதியாக அம்மா இடைஞ்சல் இல்லை.

துரத்தப்பட்ட சர்வாதிகாரியின் மகன் 2022இல் ஜனாதிபதியானார். அதே தேர்தலில் பேரன் சாண்ட்ரோ மார்க்கோஸ் 28 வயதில் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அங்கேயும் அவரை இளம் தலைமுறையின் நம்பிக்கை என்று கொண்டாட ஆள் இருக்கிறது. 2025 தேர்தலுக்குப் பிறகு அந்நாட்டு செனட்டின் 24 இடங்களில் 8 பேர் நான்கு ஜோடி அண்ணன் தம்பி, அக்கா தம்பி, அண்ணன் தங்கை. நம் மேடைகளில் சும்மா பேச்சுக்குச் சொல்லும் உடன்பிறப்புகள் அங்கே அசலாகவே அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த நாட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. உறுப்பினர்கள் தங்கள் விருப்பப்படி வேலைகளுக்கு ஒதுக்கும் தொகுதி நிதி, போலித் தொண்டு நிறுவனங்களுக்குப் போன ஊழல் 2013இல் வெளியே வந்தது. பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். அந்த நவம்பரிலேயே அவர்களின் உச்ச நீதிமன்றம் அந்த நிதித் திட்டமே அரசமைப்புக்கு விரோதம் என்று ஒழித்தது. சட்டம் இயற்றுகிறவன் கையில் காண்டிராக்ட் பணம் எதற்கு என்பது அவர்கள் கேட்ட கேள்வி. இங்கே எம்.பி. தொகுதி நிதி செல்லும் என்று 2010இலேயே நம் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்திவிட்டது.

முன் அனுபவம்

மேற்படி பிறப்புச் சான்று இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கும் கட்சியில் இடம் உண்டு. பதவியின் பெயர் தொண்டன். கொடிக்கம்பம் நடுவது, டாடா ஏஸில் ஆள் ஏற்றுவது, தலைவர் வரும் வழியில் நாலு மணி நேரம் நிற்பது, எதிர்க்கட்சிக்காரனோடு மல்லுக்கட்டுவது, சொந்தச் சாதிக்காரன் தெருவில் வெறியேற்றுவது உங்கள் வேலை. இதில் முப்பது ஆண்டு அனுபவம் பெற்றால் கிளைச் செயலாளர் ஆகலாம். ஒன்றியச் செயலாளர் ஆக முடியாது; இப்போது அந்தப் பதவியில் இருப்பவருக்கும் ஒரு மகன் இருக்கிறான்.

இந்த வேலையின் உச்சத்தை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த அன்று, தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்கு அவருடைய கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்ற மூன்று பெண்கள் உயிரோடு கருகினார்கள். கல்விச் சுற்றுலா வந்த பிள்ளைகள். கொளுத்தியவர்களில் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுளாகக் குறைந்து, 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சாக்கிட்டு அவர்கள் விடுதலையும் ஆனார்கள்.

அன்றைக்குப் பேருந்தருகே எந்தத் தலைவரின் மகனாவது நின்றானா? எந்த மாவட்டச் செயலாளரின் வாரிசாவது கைதானானா? தீயை வைக்க ஊரான் பிள்ளை, பதவிப் பிரமாணம் எடுக்கத் தன் பிள்ளை. இளைஞர் அரசியலுக்கு வர வேண்டும் என்று கூப்பிடும்போது எந்த வாசலைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள் தம்பிகளே.

பணி விவரம்

பேருந்து நிலையப் பக்கம் எப்போதும் ஒரு பேனர் இருக்கும். போகிற போக்கில் பார்க்காமல் ஒரு தடவை நின்று படியுங்கள். அரசியல் சாசனத்தைவிட உண்மையானது அது. மேல் வரிசையில் மறைந்த தலைவர்கள், தபால்தலை அளவில். நடுவில் இன்றைய தலைவர், இடுப்பளவு. அவருக்கு இணையாக, சில இடங்களில் ஒரு விரற்கடை பெரிதாகவே, மகன். கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை, கை தூக்கிய நிலை. அதற்குக் கீழே மாவட்டம். மாவட்டத்தின் தோளுக்குக் கீழே நம் எம்.எல்.ஏ., கைகூப்பியபடி. அடியில் பேனருக்குக் காசு கொடுத்த கிளை நிர்வாகிகள், வரிசைக்கு எட்டுப் பேராக, முகம் மட்டும். அதில் ஒருவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்காகத்தான் பேனரே வைக்கப்பட்டது என்பதை, மூலையில் இருக்கும் அந்தப் பெண்ணின் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் தெரியும்.

சட்டமன்ற உறுப்பினரின் அன்றாடப் பணி இந்தப் பேனரிலிருந்து தொடங்குகிறது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் காரியம். தாலி கட்டி முடிந்த பிறகு வந்து, மேடையில் தாலியை இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்து, தலைவரின் சாதனைகளைப் பட்டியலிட்டு, மாப்பிள்ளை பெயரைத் தப்பாகச் சொல்லி வாழ்த்தி, வெற்றிலை பாக்குத் தட்டில் கவரை வைத்துவிட்டு அடுத்த மண்டபம் போக வேண்டும். கடத்தூர்ச் சந்தையில் விற்கும் வெற்றிலைக்கு இத்தனை அரசியல் முக்கியத்துவம் இருப்பது கொடிக்கால் விவசாயிக்குத் தெரியாது. தெரிந்தால் கட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்பான்.

அடுத்தது திறப்பு விழா. நிழற்குடையா, நாடக மேடையா, ரேஷன் கடையா, எதுவானாலும் கட்டடத்துக்கு முன்னால் கல்வெட்டு தயாராகிவிடும். நம் வரிப் பணத்தில் கட்டிய நிழற்குடையில் அவர் பெயர் ஓர் அடி உயரத்தில் நிற்கும். நாம் அதன் நிழலில் ஒதுங்கும்போது யாரோ தானம் கொடுத்தது போன்ற கூச்சத்தோடு ஒதுங்குகிறோம்.

சட்டமன்றத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மேசையைத் தட்ட வேண்டும். முதல்வர் பெயர் வரும்போது பலமாக, துணை முதல்வர் பெயர் வரும்போது கூடுதல் பலமாக. எதிர்க்கட்சியாக இருந்தால் வெளிநடப்புச் செய்து வாசலில் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். மசோதாக்கள் கத்தையாக வரும். பல கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில், காபி ஆறுவதற்குள் சட்டமாகிவிடும். ஆண்டுக்கு 100 நாள் சட்டமன்றம் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக எழுதியது. ஆட்சிக்கு வந்தபின் எந்த ஆண்டும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண் வெட்டிய பாட்டிக்கு ஒரு நாள் குறைந்தால் கூலி வெட்டு. இவர்களுக்கு?

ஊதியம்

வருகிறேன். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலையில் அய்யாக்கண்ணுவின் விவசாயிகள் இரண்டாம் முறையாக டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். எலியைக் கவ்வி, மொட்டை அடித்து, மண்டையோட்டை வைத்துக்கொண்டு முந்தைய சுற்றுப் போராட்டத்தில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். அதே ஜூலை 19ஆம் தேதி சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி எழுந்து உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆகும் என்றார். தொகுதி மேம்பாட்டு நிதி 2 கோடியிலிருந்து இரண்டரைக் கோடி. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 12,000த்திலிருந்து 20,000. நீர் இல்லாத தமிழ்நாட்டில் அந்த ஒரு நாள் மட்டும் கோட்டையில் நல்ல மழை.

விடுப்பு விதிகள்

அரசு ஊழியர் பத்து நாள் சொல்லாமல் நின்றால் மெமோ. சட்டமன்ற உறுப்பினருக்கு விடுப்பு எத்தனை நாள் என்பதற்கு நம் தொகுதியே இலக்கணம்.

2016இல் நாம் தேர்ந்தெடுத்தவர் அதிமுகவின் பி. பழனியப்பன், முன்னாள் உயர்கல்வித்துறை அமைச்சர். 2017 ஆகஸ்டில், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று டி.டி.வி. தினகரன் அணியில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். பக்கத்து அரூர் உறுப்பினர் முருகனும் அந்தப் பட்டியலில். கடிதம் கொடுத்துவிட்டு அந்த அணி தொகுதிக்குத் திரும்பவில்லை. புதுச்சேரி சொகுசு விடுதி, பிறகு குடகு. அந்த ஆண்டு பிப்ரவரியில் கூவத்தூரில் ஒரே விடுதியில் அடைந்து கிடந்து ஆட்சி அமைத்த கட்சி, இப்போது இரண்டு அணியாகப் பிரிந்தது; அதில் ஓர் அணி மறுபடியும் விடுதி தேடியது. மக்கள் பணிக்கு அறை வாடகை கட்டியது யார் என்று இன்றுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை.

செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் அந்த அணியில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு. 2018 ஜூன் 14இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. அதிலும் பாப்பிரெட்டிப்பட்டி பகுதியில் 8 சாவடிகளில் முறைகேடு என்று புகார் எழுந்து மே 19இல் மறுவாக்குப்பதிவு. முடிவு மே 23. மொத்தத்தில் 20 மாதம் நம் தொகுதிக்கும் அரூருக்கும் சட்டமன்றத்தில் ஆள் கிடையாது.

கல்யாணங்கள் நடந்தன. காதுகுத்து நின்றுவிடவில்லை. எம்.எல்.ஏ. இல்லாமலே பிள்ளைகள் பிறந்தன, பெயர் வைக்கப்பட்டன. “இவன் இல்லாட்டி என்னா கொறஞ்சிபோச்சி?” என்று டீக்கடையில் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் மறக்கக் கூடாது.

2018 ஜூன். சேலம் சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தார்கள். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். அது போகும் வழியில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் தோப்பும் கிணறும் வயலும் கிடந்தன. போலீஸ் பாதுகாப்போடு வந்து எல்லைக்கல் நட்டார்கள். தென்னைக்கு நடுவில் கல், மரவள்ளிக்கு நடுவில் கல், வீட்டு வாசலில் கல். பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. அந்த நாட்களில் சென்னையில் சட்டமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. எந்த இரண்டு தொகுதியின் மண்ணில் கல் விழுந்ததோ, அந்த இரண்டு தொகுதியின் நாற்காலிகள் அங்கே காலி. “என் தொகுதியில் யாரைக் கேட்டு அளக்கிறீர்கள்?” என்று எழுந்து கேட்க வேண்டிய வாய், யாரோ ஒருவரின் முதல்வர் நாற்காலிச் சண்டையில் தன்னை அடகு வைத்துத் தகுதி இழந்திருந்தது. அது நம் வாய். நாம் கொடுத்தனுப்பிய வாய்.

அன்றைய தர்மபுரி எம்.பி. அன்புமணி இந்தச் சாலைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போனார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் 2019 பிப்ரவரியில், அந்தச் சாலையைப் போட்டே தீருவோம் என்று நீதிமன்றத்தில் வாதாடிய அதே அதிமுகவோடு அவர் கட்சி கூட்டணி வைத்ததையும் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலம் எடுத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பத்தாம் நாள் தேர்தல். வழக்கில் வென்றவரும் வழக்கில் தோற்றவரும் ஒரே பிரசார வேனில் நின்று நம்மிடம் கைகூப்பினார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்க நினைத்த விவசாயிக்கு, இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை போட்டு நிலத்தை எடுக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. பதவி இழந்த பழனியப்பனோ வழியறியாமல் நிற்கவில்லை. அமமுக வழியாக நடந்து 2021இல் திமுகவில் சேர்ந்துவிட்டார்.

விண்ணப்பிக்கத் தகுதியற்றோர்

கீழ்க்கண்ட வகையினர் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒருவர், சுப்பிரமணிய சிவா. 1908இல் 23 வயதில் வ.உ.சி.யோடு கைதானவர். சிறையில் தொழுநோய் வாங்கி வந்தார். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தார்கள். ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் போய்ப் பேசினார். 1925இல் நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 40 வயதில் இறந்தார். இளைஞர், மக்கள் பணி, சிறை அனுபவம் எல்லாம் சரி. ஆனால் இவருக்கு இளைஞரணி கிடையாது, பேனர் கிடையாது, அப்பாவிடமிருந்து வந்த தொகுதி கிடையாது. நிராகரிக்கப்படுகிறது.

இன்னொருவர், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். துணைத் தலைவராகவும் தேர்வானார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க அவையில் போராடினார். 1930இல் காந்தி கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். அவர் தொடங்கியது 1947இல் சட்டமாக முடிந்தது. நிழற்குடை ஒன்றுகூட அவர் திறந்ததாகத் தெரியவில்லை. சட்டமன்றத்துக்குப் போய்ச் சட்டம் இயற்றப் பார்த்த குற்றத்துக்காக இவரும் நிராகரிக்கப்படுகிறார்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பம் தலைவர் வீட்டு வரவேற்பறையில் கிடைக்கும். நமக்குக் கிடைக்காது. நிரப்ப வேண்டிய இடங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். ஆகவே இந்த அறிவிக்கையின் கடைசிப் பகுதி விண்ணப்பதாரர்களுக்கு அல்ல, வேலை கொடுக்கும் முதலாளிக்கு.

முதலாளி யார்? ஓட்டுப் போடுவதில் நம் மாவட்டத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 81.20 சதவீதத்தோடு தமிழ்நாட்டில் முதலிடம் தர்மபுரிக்கு. பெங்களூரில் சென்ட்ரிங் வேலையை விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ராத்திரி பஸ்ஸில் நின்றபடி வந்து ஓட்டுப் போட்டுப் போகிறவர்கள் நாம். இத்தனை அக்கறையாக ஆளை வேலைக்கு எடுக்கிற முதலாளி, ஐந்தாண்டில் ஒரு நாளாவது “என்னப்பா வேலை பார்த்தே?” என்று கேட்டது உண்டா? கேட்டதெல்லாம் “எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தியா?” நாம் கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். சட்டம் எழுத அனுப்பிய ஆளிடம் மொய் எதிர்பார்த்தால், மொய் எழுதத் தெரிந்தவன்தான் வருவான். அதற்கு மகன் போதும், பேரன் போதும், நாளைக்குக் கொள்ளுப்பேரனும் போதும்.

அடுத்த முகூர்த்தத்தில் மண்டப வாசலில் அந்த வெள்ளை இன்னோவா வந்து நிற்கும். நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் எழுந்திருப்பார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எந்த வயதாக இருந்தாலும் சரி, உட்கார வைத்து மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். போன கூட்டத்தொடரில் எத்தனை நாள் அவையில் இருந்தீர்கள்? எந்த மசோதாவைப் படித்துப் பார்த்து எதிர்த்தோ ஆதரித்தோ பேசினீர்கள்? நம் தொகுதியில் யாராவது கல் நட வந்தால், உங்கள் தலைவர் கண்ணை உருட்டினாலும் எழுந்து நிற்பீர்களா?

பதில் வருகிறவரைக்கும் பந்தியில் இலை போடாதீர்கள்.